வராத அணையைப் பார்க்கப் போன கதை

அக்டோபர் 11, 2024, வெள்ளி: ஆனைக்கட்டி வழியாக முக்காலி

அப்பாவைக் கூட்டிக்கொண்டு சைலன்ட் வேலிக்குப் போகிறேன் என்றதும் அம்மா சிரித்தாள். "உங்கொப்பன் அங்க போயி ஒரு அணையைக் கட்டிப்போட்டுத்தான் திரும்பி வருவாரு, பாரு."

அப்பா மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். பெரும்பகுதி நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டத்தில், நடுவில் சில வருடங்கள் அப்பர் பவானி அணை கேம்ப்பில். எந்த ஆற்றைப் பார்த்தாலும் எவ்வளவு தண்ணீர், எத்தனை அடி இறக்கம் என்றுதான் முதலில் கணக்குப் போடுவார். 1980 வாக்கில், கேரளத்துச் சைலன்ட் வேலிக் காட்டில் மின்சாரத்துக்கு அணை கட்டலாமா கூடாதா என்ற சண்டை பேப்பரில் வந்துகொண்டிருந்தபோது கேம்ப்பில் எல்லோரும் ஒரே கட்சியாம். 120 மெகாவாட்டை அங்கிருக்கும் குரங்குக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று. நாற்பத்து நான்கு வருடமாக அப்பா அந்தக் கட்சியை விட்டு விலகவில்லை.

ஜூலைக் கடைசியில் வயநாட்டில் மலை சரிந்து இருநூறு பேருக்கு மேல் போனார்கள். அப்பா மூன்று நாள் டிவி முன்னாலேயே இருந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கெல்லாம் குவாரியும் கட்டடமும் கூடாது என்று சூழலியலாளர் மாதவ் காட்கில் குழு 2011லேயே எழுதிக்கொடுத்த அறிக்கையை அப்போதுதான் எல்லோரும் தூசி தட்டினார்கள். அதே காட்கில் 1982இல் சைலன்ட் வேலியை ஆராய்ந்த மேனன் கமிட்டியிலும் இருந்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்த எடத்தை ஒருக்கா பாத்துப்போட்டு வந்தறலாம், கண்ணு" என்றார்.

(சைலன்ட் வேலி என்று தமிழில் எழுதும்போதெல்லாம் யாரோ வேலி போட்டது மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லை.)

ஆயுத பூஜை நாளில் கிளம்பியது எங்கள் புத்திசாலித்தனம். பஸ்ஸுக்கு வாழைக்கன்று, மாலை, கண்ணாடியெல்லாம் சந்தனம். கண்டக்டர் டிக்கெட்டோடு ஆளுக்கொரு பொட்டலம் பொரி கொடுத்தார். அப்பாவுக்கு அது போதும், ஆனைக்கட்டி வரை வாயைத் திறக்கவில்லை.

எல்லை தாண்டியதும் போர்டில் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறவில்லை. அட்டப்பாடியில் பாதிப் பேர் தமிழில்தான் சண்டை போடுகிறார்கள். கிழக்குப் பக்கம் வறண்ட மலை. பாறை, கள்ளி, ஆடு. அகளி தாண்டத் தாண்டப் பச்சை ஏறி, முக்காலி வரும்போது மழையே பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் ராமநாதபுரத்திலிருந்து வால்பாறைக்குப் போன மாதிரி. மலை மறைத்தால் இந்தப் பக்கம் மழை குறையும் என்று அப்பா பாடம் எடுத்தார். பின் சீட்டிலிருந்த பெரியவர் குறுக்கிட்டு, "மழை மட்டுமில்லீங்க, வெட்டினதுந்தான்" என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்த மொட்டை மலையிலும் காடு இருந்ததாம். அப்பா பொரியைத் தொடர்ந்தார்.

முக்காலியில்தான் வினை. காட்டுக்குள் 23 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சைரந்திரிக்குப் போகும் ஜீப்புக்கு ஓர் ஏஜென்ட்டிடம் போன வாரமே 1,500 ரூபாய் முன்பணம் அனுப்பி, 'கன்ஃபர்ம்' என்று செய்தியும் வாங்கியிருந்தேன். வனத்துறை அலுவலகப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. ஏஜென்ட் போன் அணைந்திருந்தது. பூஜை விடுமுறை, நாளைக்கும் ஜீப் நிறைந்துவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஞாயிறு காலை ஒரு தம்பதியோடு சேர்ந்து போகிறீர்களா என்று கேட்டார். சரி என்றேன். ஆக, ஒரு நாள் தண்டம்.

அறை 1,200 ரூபாய். 'சுடுதண்ணி உண்டு' என்று கதவில் ஒட்டியிருந்தது, குழாயில் இல்லை. அப்பா ஸ்விட்ச் போர்டைத் திறந்து, பையிலிருந்த டெஸ்டரை எடுத்து (ஆமாம், சுற்றுலாவுக்கு டெஸ்டர்), பத்து நிமிடத்தில் ஒரு தளர்ந்த ஒயரைக் கண்டுபிடித்து முறுக்கினார். அறைக்காரர் வீட்டிலிருந்து கட்டன் சாயா வந்தது, இலவசம்.

இரவு கடையில் தம்ளரில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைத்தார்கள். "பைப்புல துரு" என்று தள்ளி வைத்தார் அப்பா. பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சியது, கேரளத்தில் அப்படித்தான் என்று நான் விளக்கியும் நம்பவில்லை. பஸ்ஸில் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்தார். கடைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெள்ளைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அக்டோபர் 12, சனி: சும்மா இருந்த நாள்

காலையில் மழை விட்டிருந்தது. புட்டு, கடலை, சாயா, இரண்டு பேருக்கும் சேர்த்து 130 ரூபாய். புட்டைப் பழத்தோடு பிசைவது அப்பாவுக்கு ஒப்பவில்லை. கடலைக் குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்டார்.

முக்காலியில் ஓடுவது பவானி. நம் பவானிதான். நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலிப் பக்கம் வளைந்து கிழக்கே திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறது. வரைபடத்தில் பல தடவை பார்த்ததுதான், ஆனாலும் கோபிச்செட்டிப்பாளையத்து வயலுக்குப் போகிற தண்ணீர் இங்கே மலையாளம் பேசிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. அப்பா கரையில் உட்கார்ந்து, "இதை மேல பாதியை நாங்க புடிச்சு வெச்சிருக்கறோம்" என்றார். அப்பர் பவானி நீர் சுரங்கம் வழியாக அவலாஞ்சிக்குத் திருப்பப்பட்டு, குந்தா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுத்தான் கீழே வந்து இதே ஆற்றில் சேர்கிறது. இந்த முக்காலிக் காட்டை அது பார்ப்பதே இல்லை.

"கோடையில தண்ணி எறங்குனா, அணைக்குள்ள பழைய கட்டைங்க தலையை நீட்டும். முங்கின சோலை மரம். நாங்க அதுமேல உக்காந்து மீன் புடிப்போம்" என்றார் பிறகு. இதை இதுவரை அவர் எங்களிடம் சொன்னதில்லை.

மதியம் வேறு வேலை இல்லாததால் ஓர் ஆட்டோ பிடித்து பொம்மியாம்படிப் பக்கம் போனோம். அங்கே கிருஷ்ணவனம் என்று ஒரு காடு இருக்கிறது. காடு என்றால் நட்ட காடு. வெறும் பாறைச் சரிவாகக் கிடந்த இடத்தில், எண்பதுகளில், இருளர்களைச் சேர்த்துக்கொண்டு மலையாளக் கவிஞர் சுகதகுமாரி ஆரம்பித்தது. சாலையிலிருந்து பார்த்தால் சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் ஒரு போர்வையை உதறிப் போட்ட மாதிரி பச்சை. உள்ளே விடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அப்பா, "நெசமாவே பாறையா இருந்துச்சா?" என்று ஆட்டோ இளைஞரிடம் இரண்டு தடவை கேட்டார். "எங்க பாட்டி தண்ணி சுமந்துச்சுங்க" என்றார் அவர். அவ்வளவுதான் சாட்சி.

சுகதகுமாரி யார் என்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1934இல் ஆறன்முளையில் பிறந்தவர், அப்பா போதேஸ்வரன் கவிஞர், விடுதலைப் போராட்டக்காரர். எழுபதுகளின் கடைசியில் சைலன்ட் வேலி பற்றி விஞ்ஞானிகள் எழுதியதைப் படித்துவிட்டு இவரும் சண்டையில் இறங்கினார். என்.வி. கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர் என்று பெரிய கவிஞர்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள். ஊர் ஊராகக் கவிதை வாசித்தார்கள். 'மரத்தினு ஸ்துதி' என்ற இவருடைய கவிதைதான் பல கூட்டங்களில் கடவுள் வாழ்த்து. கேரளத்தின் பெரிய கட்சிகளும் தொழிற்சங்கங்களும் அணைப் பக்கம் நின்ற காலம் அது. அவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'மரக்கவிகள்'. மலையாளத்திலும் மரம் என்றால் மரமண்டைதான்.

"பாட்டுப் பாடி அணையை நிறுத்துனாங்கன்னு சொல்றதை என்னால நம்ப முடியலை" என்றார் அப்பா. நியாயம்தான். நானும் அப்படிச் சொல்லவில்லை. பாட்டுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். சென்னைப் பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கர் எழுபதுகளின் தொடக்கத்திலேயே இந்தக் காட்டுக்குள் போய்விட்டு, அணை வந்தால் என்ன ஆகும் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினார். நம் களக்காட்டில் சிங்கவால் குரங்குகளை ஆராய்ந்த ஸ்டீவன் கிரீன் என்ற அமெரிக்கர், அந்த இனத்துக்கு மிஞ்சியிருக்கிற நல்ல இடங்களில் இது ஒன்று என்று எச்சரித்தார். கோழிக்கோட்டில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த எம்.கே. பிரசாத், அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் சாஸ்திர சாகித்திய பரிஷத் அமைப்பு மூலம் அதைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் வரை கொண்டுபோனார். பறவையியலாளர் சாலிம் அலி, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் என்று பட்டியல் நீளும். ஆனால் சாதாரண ஆட்கள் பஸ்ஸில் பேசிக்கொள்கிற விஷயமாக அதை ஆக்கியது கவிஞர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அறிக்கையை யாரும் முணுமுணுத்துக்கொண்டு நடப்பதில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் பழம்பொரி, 12 ரூபாய், உள்ளங்கை நீளம். அங்கே உட்கார்ந்திருந்த ஓர் இருளர் அம்மா, நாங்கள் கிருஷ்ணவனம் பார்க்கப் போனோம் என்றதும் சிரித்தார். "மரத்தை எல்லாரும் பாக்க வர்றாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 1951இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பழங்குடிகள். இன்று பாதிகூடக் கிடையாது. நிலம் கை மாறிய கதைக்குத் தனிப் பயணம் வேண்டும்.

ஆட்டோவில் குடையை விட்டுவிட்டேன். இரவு எட்டு மணிக்கு அந்த இளைஞரே அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார், டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. நேற்றைய ஏஜென்ட்டையும் இவரையும் ஒரே ஊர் என்று எழுத மனம் வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு: சைரந்திரி

ஜீப் அரை மணி நேரம் தாமதம். டிரைவர் நெற்றியில் சந்தனத்தோடு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். இன்று கேரளத்தில் வித்யாரம்பம். அவர் மகளைக் கோயிலில் அரிசியில் எழுதவைத்துவிட்டு வருகிறார். போனில் படம் காட்டினார். குழந்தை அழுதுகொண்டே 'ஹரிஸ்ரீ' எழுதுகிறது, பாதி அரிசி வாயில்.

கூட வந்த தம்பதி ஒற்றப்பாலம். அவர் வங்கியில் ஓய்வு, அந்த அம்மா மலையாள டீச்சராக இருந்து ஓய்வு. நாங்கள் டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவர் சொன்னார், இந்த நாளில் கேரளத்தில் கோயிலில் மட்டுமில்லை, எழுத்தாளர்கள் மடியிலும் குழந்தைகளை உட்காரவைத்து எழுதச் சொல்வார்களாம். மலையாள மொழியின் தந்தை எழுத்தச்சனின் நினைவிடமான துஞ்சன் பறம்பில் வரிசை நிற்குமாம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பாட்டுப் பாடியா அணையை நிறுத்தினார்கள் என்ற நேற்றைய சந்தேகத்துக்குப் பாதிப் பதில் கிடைத்த முகம்.

ஜீப் பாதை ஆட்டம்தான். முதலில் காப்பித் தோட்டம், பிறகு காடு, பிறகு வெயிலே உள்ளே வராத காடு. டிரைவர் வெடிப்பலா மரத்தைக் காட்டினார். முள் முள்ளாய்க் காய், தண்டிலேயே ஒட்டிக் காய்க்கிறது. சிங்கவால் குரங்குக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. குரங்கு வரவில்லை. "இப்போ போயி, கிளை ஆடுது பாருங்க" என்று மூன்று இடத்தில் நிறுத்தினார். கிளை ஆடியது. பார்த்தது ஒரு மலை அணில், தூரத்தில் சத்தம் போட்டுப் பறந்த ஓர் இருவாச்சி, நடுவழியில் யானைச் சாணம். இவ்வளவு பணம் கொடுத்துக் குரங்கைப் பார்க்காமல் போவதா என்று எனக்கு எரிச்சல். குரங்கின் பெயரைச் சொல்லிச் சொல்லியே இந்த இடம் பிரபலம். அது வெளியே வந்து ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.

சில்வண்டுகள் இல்லாததால் வெள்ளைக்காரர்கள் சைலன்ட் வேலி என்று பெயர் வைத்தார்கள் என்பது ஒரு கதை. அப்பா காதைப் பொத்திக்கொண்டு, "சத்தமில்லாத லட்சணம் இதுதானா" என்றார். அந்த அளவுக்கு ரீங்காரம். இன்னொரு கதை, சைரந்திரி என்ற பெயர்தான் வெள்ளைக்கார வாயில் அப்படி ஆனது என்று. விராடன் அரண்மனையில் திரௌபதி மறைந்திருந்தபோது வைத்துக்கொண்ட பெயர் சைரந்திரி. கீழே ஓடுவது குந்திப்புழா. மாமியார் ஆறாக, மருமகள் மலையாக. எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது.

சைரந்திரியில் நூறடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம். அப்பாவுக்கு 74. ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி, கம்பியின் துருவைத் தட்டிப் பார்த்து, மேலே வந்துசேர்ந்தார். மழை இல்லை, மேகம் கீழே இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. எட்டுத் திசையிலும் பச்சை. சொன்னால் கோபிக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் எனக்கு அலுத்துவிட்டது. அழகுதான். ஆனால் எதைப் பார்ப்பது? போராட்டம் நடந்த இடம் என்று வந்திருக்கிறோம், மேலிருந்து பார்த்தால் அதற்கு ஓர் அடையாளமும் கண்ணில் படவில்லை. மற்றவர்கள் செல்ஃபி எடுத்து முடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள்.

அப்பா மட்டும் ஓரத்துக்குப் போய், இரண்டு மலைகள் நெருங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "அடேயப்பா" என்றார்.

"என்னங்கப்பா?"

"எடம் பாரு கண்ணு. ரெண்டு பக்கமும் பாறை. கழுத்து எத்தனை குறுகல். பின்னால அகலமாத் தொட்டி மாதிரி. கடவுளே அணைக்குன்னு செஞ்சு வெச்ச மாதிரி இருக்குது."

டீச்சரின் கணவர் திரும்பி நின்றார். அப்பா தன் கையை நீட்டி வரைய ஆரம்பித்தார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு அணையின் மேல்மட்டம். இங்கே மதகு. அங்கே சுரங்கத்தின் வாய். உயரம் எவ்வளவு என்று கேட்டார். 131 மீட்டர் என்று திட்டத்தில் இருந்தது என்றேன். "நாப்பது மாடி" என்று முணுமுணுத்து, கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். "தண்ணி அந்த மரத்து உச்சி வரைக்கும் வரும். அந்த வளைவு இருக்குதே, அதுக்கு அப்புறமும் போகும். அந்தப் பள்ளம் முங்கும். அந்த ரெண்டாவது பள்ளமும் முங்கும். ரோடு இந்தப் பக்கமாப் போட்டிருப்பாங்க. க்வார்ட்டர்ஸ் அந்தச் சமவெளியில. ரெண்டாயிரம் ஆளு, அஞ்சாறு வருசம், சமைக்க வெறகு..." அங்கே நிறுத்தினார்.

அவர் கை போன இடமெல்லாம் நாங்கள் பார்த்தோம். ஆற்றை ஒட்டிய அந்தத் தாழ்ந்த காடுதான் 8.3 சதுர கிலோமீட்டர் முழுகியிருக்க வேண்டியது. மொத்தத் தேசியப் பூங்காவே ஆரம்பத்தில் 89.52 சதுர கிலோமீட்டர்தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, மீதிக் காடு இருக்கத்தானே செய்யும் என்றுதான் அணைக்காரர்கள் சொன்னார்கள். புத்தகத்தில் படித்தபோது எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை என்பதே உண்மை. இங்கே நின்று பார்த்தால் அந்தப் பத்தில் ஒன்றுதான் நடுவயிறு. இந்தக் கோபுரத்தில் நின்றவர்களில் வராத அணையைக் கண்ணால் பார்க்க முடிந்தவர் அப்பா ஒருவர்தான்.

டீச்சர் அப்போதுதான் பேசினார். 1979இல் அவர் கல்லூரி மாணவி. பரிஷத் கூட்டத்துக்குப் போனதற்கு வீட்டில் அடி. அவருடைய அண்ணனே, "மலபாரில் ஃபேன் ஓடவில்லை, உனக்குக் குரங்கு முக்கியமா?" என்று கேட்டாராம். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், அணைதான் வழியா என்பதுதான் பரிஷத்தின் வாதம் என்றார். மின்சாரம் கொண்டுவரும் லைனில் வீணாவதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று கூட்டங்களில் பேசினார்களாம். "லைன் லாஸ்" என்று உடனே தலையாட்டினார் அப்பா. அந்தக் காலத்தில் அது எவ்வளவு மோசம் என்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். நானும் வங்கிக்காரரும் பின்னால்.

கீழே வந்து டீச்சர் ஒரு மரத்தடியில் நின்று சுகதகுமாரியின் அந்த 'மரத்தினு ஸ்துதி' கவிதையைப் பாடினார். சொன்னார் என்று எழுத முடியாது, பாட்டுதான். குரல் நடுங்கியது. எனக்குப் பாதி புரிந்தது. மரத்தைச் சிவனாகப் பார்க்கிறது, நஞ்சைக் குடித்துவிட்டு அமுதம் தருகிறவன் என்று. டிரைவர் போனை அணைத்து வைத்தார். அப்பா மூக்குப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல் நின்றார்.

அந்த டப்பாவுக்கு வேறு வேலையும் இருந்தது. குந்திப்புழாவுக்கு இறங்குகிற ஒன்றரைக் கிலோமீட்டர் முழுவதும் அட்டை. "குந்தாவுல பாக்காத அட்டையா" என்று அப்பா செருப்போடு நடந்தார். நான் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டிருந்தேன். கணுக்காலில் நான்கு, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, எல்லாம் அப்பாவுக்கு. மூக்குப்பொடி தூவியதும் சுருண்டு விழுந்தன, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. டீச்சர் பையிலிருந்து காகிதத் துண்டு எடுத்து ஒட்டிவிட்டார். சண்டை போட்டவர்களையெல்லாம் தாண்டி, நாற்பது வருடம் கழித்து வந்த ஒரு மின்வாரியக்காரரைத்தான் இந்தக் காட்டு அட்டை பிடித்திருக்கிறது.

ஆறு கண்ணாடி. அடியில் கிடக்கிற கல் வரை எண்ணலாம். கூட்டம் இல்லை, கடை இல்லை, பாட்டில் இல்லை. தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள், கையை மட்டும் நனைத்தோம்.

ஜீப்பில் திரும்பும்போது மீதிக் கதையை டீச்சர் சொல்லி முடித்தார். 1980இல் மத்தியில் திரும்ப வந்த இந்திரா காந்தி வேலையை நிறுத்தச் சொன்னார். மேனன் கமிட்டி 1983இல் அறிக்கை கொடுத்தது, அந்த வருடமே திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 தேசியப் பூங்கா அறிவிப்பு. அப்போது இந்திரா இறந்து பதினைந்து நாள். மறுவருடம் செப்டம்பரில் ராஜீவ் வந்து திறந்து வைத்தார். சுகதகுமாரி 2020 டிசம்பரில் கொரோனாவில் போனபோது டீச்சர் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதாராம். கொரோனாக் கட்டுப்பாடு, நேரில் போய்ப் பார்க்க முடியாது.

1979இல் சுவாமிநாதன் எழுதிய அறிக்கையைப் பற்றி நானும் என் பங்குக்குச் சொன்னேன். சைலன்ட் வேலி, அமரம்பலம், அட்டப்பாடிக் காடுகளோடு நீலகிரிக் குந்தாக் காட்டிலும் நூறு சதுர கிலோமீட்டரைச் சேர்த்து ஒரே பாதுகாப்புக் காடாக்கலாம் என்று அதில் இருந்தது.

"எங்க குந்தாவா?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா."

"எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

முக்காலி வந்ததும் அடை மழை. டீச்சர் குடும்பம் காரில் கிளம்பியது. ஒற்றப்பாலம் வந்தால் வீட்டுக்கு வரவேண்டும் என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னார். கரண்ட் போயிருந்தது. இரவு மெழுகுவர்த்தியில் பொரோட்டா, முட்டைக் குழம்பு. அப்பா இளஞ்சிவப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்: மண்ணார்க்காடு

வந்த வழியே போகாமல் மறுபக்கம் மலை இறங்கலாம் என்று முடிவு. மண்ணார்க்காட்டுக்குப் பஸ், கொண்டை ஊசி வளைவுகள், முன் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி, மழையில் ஜன்னல் மூடிய புழுக்கம். சாலை ஓரத்தில் போன வருடங்களில் சரிந்த இடங்கள் சிமெண்ட் பூசிக் கிடக்கின்றன. அப்பா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தார். ஏழு என்றார். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்ததால் சரிபார்க்கவில்லை.

மண்ணார்க்காட்டில் சாப்பாடு, 90 ரூபாய், குண்டரிசி. "பாதி வேகாத மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது முறை மோர் வாங்கினார். அட்டை கடித்த இடம் அரிக்கிறதாம். மருந்துக்கடையில் களிம்பு 65 ரூபாய். கடைக்காரர் காலைப் பார்த்ததும், "சைலன்ட் வேலியோ?" என்றார்.

பாலக்காட்டுப் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஊரை ஒட்டியே குந்திப்புழா. நேற்று மேலே பார்த்த அதே ஆறு, கீழே வந்து, தூதப்புழாவில் சேர்ந்து, பாரதப்புழாவுக்குப் போகிறது. ராத்திரி மழையில் டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் குப்பை, துணி துவைக்கிறவர்கள், மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுக்கிற குழாய்கள். நேற்றைய கண்ணாடியை நினைத்துக்கொண்டு பார்த்தால் மனதுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு ஆறு என்றால் இதுதான், இதிலும் தண்ணீர் இருக்கிறது.

அப்பா பாலத்தின் நடுவில் போய் நின்றார். மேலிருந்து ஒரு தென்னை மட்டை மிதந்து வந்தது. அது முதல் தூணைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மட்டை பாலத்துக்கு அடியில் போய், அந்தப் பக்கம் ஒரு பாறையைத் தாண்டியதும் மறுபடி பார்த்தார். ஆற்றின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். உதடு அசைந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை பாலங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கன அடி, இத்தனை அடி இறக்கம் கிடைத்தால் இத்தனை மெகாவாட் என்று கடைசியில் ஓர் எண் வரும்.

"எவ்வளவுங்கப்பா?"

"எதுக்கு? கட்டவா போறாங்க?" என்றார்.

பஸ் ஹாரன் அடித்தது.